தொண்ணூற்று நான்காம் பக்கம்

ஸ்டெல்லா செபமாலை காலமாகிவிட்டார் என்பதை அவருடைய தம்பி அருள் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு தொலைபேசியில் எனக்குச் சொன்னார். நான் திகனயிலிருந்து வந்து கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் அப்போதுதான் இறங்கியிருந்தேன். "அக்கா போயிட்டாங்க நானா. வெள்ளன அஞ்சு மணிக்கு" என்றார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் அழைப்பார்கள். நான் நேரத்தையும் வார்டு இலக்கத்தையும் மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். துக்கத்தில் இருப்பவரிடம் அப்படிக் கேட்பது அழகில்லை. முப்பத்தைந்து வருடம் செய்தி எழுதியவனுக்கு வேறு மாதிரி அழத் தெரியாது.

அன்று முற்பகல் நானே சரிபார்த்த இன்னொரு விடயமும் உண்டு. அவர் பதினொரு வருடம் பராமரித்த பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தின் முகப்பில் அவருடைய புகைப்படத்தைப் போட்டு, "திறந்த அறிவின் தாய்" என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தார்கள். அதன் கீழே தேடல் பெட்டி. அவர் ஐந்து வருடமாகத் திறக்கப் பாடுபட்ட ஆய்வேட்டின் தலைப்பை அதில் தட்டினேன். வழக்கமான சின்னப் பூட்டுப் படம் வந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்குச் சில விளக்கங்கள் தேவைப்படும். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இது ஓரிடத்து நோய் மட்டும் அல்ல என்று ஸ்டெல்லாவே சொல்வார். மாணவர்கள் பட்டத்துக்காக எழுதும் ஆய்வேடுகள் முன்பெல்லாம் கட்டப்பட்டு நூலக அலுமாரியில் கிடந்தன. இப்போது அவற்றைக் கணினியில் ஏற்றி, எந்தத் துறையினரும் எந்த ஊரிலிருந்தும் இலவசமாகப் படிக்கும்படி வைக்கிறார்கள். அதற்குத் திறந்த அணுகல் களஞ்சியம் என்று பெயர். அந்தக் களஞ்சியம் ஸ்டெல்லாவின் பொறுப்பில் இருந்தது. அவருடைய பதவிப் பெயர் கடைசிவரை நூலக உதவியாளர்தான்.

அவர் ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் தேடற்சொற்களை அவரே தட்டுவார். ஆய்வாளர் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை மட்டும் எழுதியிருந்தால், அங்கே வாழ்பவர்கள் அந்த இடத்துக்குச் சொல்லும் பெயரையும் சேர்த்துவிடுவார். அது விதியில் இல்லை என்று மேலதிகாரி ஒருமுறை கேட்டபோது, "அங்க இருக்கறவங்க தேடினா அவங்களுக்கு வரணுமில்ல சேர்" என்று மட்டும் சொன்னாராம்.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு திட்டுடன். ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஒக்டோபர் மழையில், அவர் பிறந்த அதே தோட்டத்தின் கீழ் லயத்தின் மேல் மண் சரிந்தது. நான்கு வீடுகள் புதைந்தன. ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். நான் போய்ப் பார்த்து எழுதினேன். செய்தியின் முதல் வரியில் "எதிர்பாராத மண்சரிவு" என்று இருந்தது. பத்திரிகை வெளிவந்த காலையில் ஒரு பெண் அழைத்தார்.

"பேப்பர்ல எழுதுற நானாவா?"

"ஓ, யாரு பேசுற?"

"கெம்பஸ் லைப்ரரில இருந்து ஸ்டெல்லா. எதிர்பாராததுன்னு போட்டிருக்கீங்களே, யாரு எதிர்பாக்கல?"

அதிகாரி சொன்னதைத்தான் எழுதினேன் என்றேன்.

"அப்ப அந்த அதிகாரி எதிர்பாக்கலைன்னு போடுங்க. இங்க ஒரு புள்ள நாலு வருஷத்துக்கு முன்னயே எதிர்பாத்து, மலைய அளந்து, படம் வரைஞ்சு, மார்க்கும் வாங்கி, பட்டமும் வாங்கிட்டுப் போயிட்டா."

அந்தப் படம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"என்கிட்டதான். பூட்டி இருக்கு." பிறகு சொன்னார்: "பூட்டச் சொன்னதும் நான்தான்."

அந்த வெள்ளிக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. இரண்டு கணினி, ஓர் அலுமாரி, விருந்தினருக்கு ஒரு கதிரை. கதிரையில் இருந்த கோப்புகளைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளில் மாணவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று, எல்லோருக்கும் திறந்தது. மற்றது, அனுமதி பெறும்வரை பூட்டியது. எதில் புள்ளடி போடுவது என்று மாணவர்கள் கேட்பார்கள். ஸ்டெல்லா அந்த வேலைக்குப் புதிது. திறந்து வைத்தால் திருடுவார்கள், பிறகு எந்தச் சஞ்சிகையும் கட்டுரையை ஏற்காது என்று விரிவுரையாளர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். ஆகவே கேட்ட எல்லோரிடமும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். "பூட்டி வச்சா பத்திரம் தங்கச்சி. பொறவு தொறந்துக்கலாம்." அப்படிப் புள்ளடி போட்டவர்களில் ஒருத்தி இரேஷா, புவியியல் மாணவி. அவளுடைய ஆய்வேட்டின் தொண்ணூற்று நான்காம் பக்கத்தில் அந்தத் தோட்டத்தின் வரைபடம் இருந்தது. சரியக்கூடிய இடங்களாக இரண்டைச் சிவப்பில் குறித்திருந்தாள். ஒன்று கீழ் லயத்துக்கு மேலே, மற்றது மேல் லயத்துக்கு மேலே.

"பூட்ட ஒரு புள்ளடி. தொறக்க மாணவி கையெழுத்து, வழிகாட்டின பேராசிரியர் கையெழுத்து, அதுக்குப் பொறவு சபை" என்றார் ஸ்டெல்லா. "இத வேலைக்குச் சேந்த மொத வாரமே நான் கேட்டிருக்கணும் நானா."

சரிவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பு தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் முனியாண்டி பல்கலைக்கழக வாசலுக்கு வந்திருக்கிறார். மேல் லயத்துச் சுவர்களில் வெடிப்பு விட்டிருந்தது. முன்பு மலையை அளக்க வந்த பிள்ளை ஏதோ எழுதினாளே, அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அடையாள அட்டை இல்லை என்று காவலாளி நிறுத்திவிட்டார். ஸ்டெல்லா வாசலுக்கு ஓடினார்.

"நாங்க குடியிருக்கிற மலையப் பத்தி எழுதுனத நாங்க படிக்கக் கூடாதாம்மா?" என்று முனியாண்டி கேட்டார்.

ஆய்வுச் சுருக்கம் மட்டும் எல்லோருக்கும் திறந்தது. அந்த ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். "ஆய்வுப் பிரதேசத்தின் சில சரிவுகள் அதிக ஆபத்துள்ளவை" என்று அதில் இருந்தது.

"சிலதுன்னா எதும்மா?"

கீழ் லயமும் மேல் லயமும் என்று வாயால் சொன்னார். வரைபடத்தைக் கொடுக்கவில்லை. விதி அப்படி. முனியாண்டி தோட்டத்துக் காரியாலயத்தில் போய்ச் சொன்னார். ஆவணம் எங்கே என்று கேட்டார்கள். அவரிடம் இருந்த தாளில் லயத்தின் பெயர் இல்லை. மூன்று மாதத்தில் கீழ் லயம் போயிற்று. மேல் லயம் நிற்கிறது.

இதைச் சொல்லி முடித்துவிட்டு அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. எழுந்து அலுமாரியைத் திறந்து மூன்று ஆய்வேடுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று இரேஷாவுடையது. இரண்டாவது பொறியியல் மாணவர் ஒருவர் அதே தோட்டத்து வடிகால்களைப் பற்றி எழுதியது. மேலேயிருந்து வரும் தண்ணீர் போக வழியில்லை என்று அதில் இருந்தது. மூன்றாவது மருத்துவ பீடத்து மாணவி எழுதியது. மேல் லயத்தில் எந்த வீட்டில் எத்தனை சிறுபிள்ளைகள், யாருக்கு நடக்க முடியாது என்ற விபரமெல்லாம் அதில் உண்டு. மூவரும் ஒரே இரண்டு வருடத்துக்குள் அங்கே போயிருக்கிறார்கள். மூவரும் மற்றவர் எழுதியதைப் படிக்கவில்லை. மூன்றும் பூட்டியிருந்தன.

"மூணு பேருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தது ஒரே வீடு" என்றார். "நன்றியுரையில மூணு பேரும் அந்த வீட்டுக்காரிக்கு நன்றி சொல்லியிருக்காங்க. அவ ஒன்னையும் படிக்கல்ல. கீழ் லயத்துக்காரி. போயிட்டா."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். தொண்ணூற்று நான்காம் பக்கத்தை மட்டும் படமெடுத்துக்கொள்கிறேன், உங்கள் பெயர் வராது என்றேன். கணினியில் கடவுச்சொல்லும் அவரிடம்தான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் பூட்டுத் திறந்துவிடும்.

"நீங்க போட்டா திருட்டுப் படம்னு சொல்லுவாங்க. பேராசிரியர் மறுப்பார். தோட்டத்துக் காரியாலயம் அந்த மறுப்ப ஃபைல்ல போட்டு வச்சுக்கும். முனியாண்டி அண்ணன் மறுபடி போனா அதத்தான் எடுத்துக் காட்டுவாங்க."

"ஆக்கள் சாகுற விஷயம் ஸ்டெல்லா. நீங்க ஃபைல்ட கதை கதைக்கிறீங்க."

"எனக்குத் தெரியாதா நானா, சாகுற விஷயம்னு?" என்றார். குரல் உயரவில்லை. "உங்களுக்கு இது ஒரு நாள் செய்தி. இந்த அலுமாரில இன்னும் எத்தன மலை பூட்டிக் கெடக்குன்னு எனக்குத் தெரியும். நான் களவா ஒன்னத் தொறந்தா அடுத்த நாள் என்னய வெளிய போட்டுட்டு மத்த எல்லாத்தையும் இன்னும் இறுக்கிப் பூட்டுவாங்க."

நான் கோபத்தோடு எழுந்து வந்தேன். எட்டு மாதம் அவருடன் பேசவில்லை. அந்த ஆய்வேட்டைப் படிக்க அனுமதி கேட்டு நூலகத்துக்கு முறைப்படி விண்ணப்பித்தேன். பேராசிரியரின் சம்மதம் தேவை என்று ஒரு வரியில் பதில் வந்தது. கையெழுத்து ஸ்டெல்லாவுடையது.

அந்த எட்டு மாதத்தில் அவர் செய்ததைப் பிறகுதான் அறிந்தேன். வெள்ளிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு, பூட்டிய ஆய்வேடுகளை எழுதியவர்களை ஒவ்வொருவராகத் தேடி அழைத்தார். வேலை மாறியவர்கள், கல்யாணமாகிப் பெயர் மாறியவர்கள், வெளிநாடு போனவர்கள். கோயில் திருவிழாவில் பழைய மாணவரைக் கண்டால் கைப்பையிலிருந்து சம்மதப் படிவத்தை எடுப்பார். அவர் வருவதைக் கண்டால் கலியாண வீட்டில் விரிவுரையாளர்கள் சாப்பாட்டு மேசையை மாற்றிக்கொள்வார்கள் என்று அருள் கேலி செய்வார். அப்படியே வடிகால் ஆய்வும் பிள்ளைகளின் கணக்கெடுப்பும் திறந்தன. இன்று யாரும் அவற்றைப் படிக்கலாம். மருத்துவப் பேராசிரியை கேட்ட அன்றே கையெழுத்திட்டதை ஸ்டெல்லா எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். நல்லதைச் சொல்லாமல் விடக் கூடாது என்பது அவருடைய கட்சி. நானும் சொல்லிவிட்டேன்.

இரேஷாவைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் சென்றது. அவர் கடல் கடந்து ஒரு குளிர் நாட்டில் இருந்தார். சிங்களத்தில் பேசி முடித்த கையோடு ஸ்டெல்லா என்னை அழைத்தார். சிரிப்பில் பேச்சு வரவில்லை. எங்களுக்குள் மிச்சமிருந்த கோபமும் தீர்ந்தது அந்தச் சிரிப்பில்தான்.

"நானா, அந்தப் புள்ள அது தொறந்துதான் இருக்குன்னு நெனச்சிருக்கா. அவட கையில பிரதி இல்லயாம், பழைய கம்பியூட்டர் செத்துப்போச்சாம். போன வருஷம் நம்ம களஞ்சியத்துக்குள்ள போயிருக்கா. பூட்டு. 'பிரதி கேட்க'ன்னு ஒரு பொத்தான் இருக்கில்ல, அத அமத்தியிருக்கா. அந்தப் பொத்தான் எழுதினவங்களுக்கு மெயில் போடும். எழுதினது யாரு? அவதான். அவட கெம்பஸ் மெயில் மூடி எத்தன வருஷம்! அவ புக்க அவகிட்டயே கேட்டு, செத்துப்போன விலாசத்துக்கு மெயில் போயிருக்கு. பதில் வரல்லன்னு மூணு தடவ ஞாபகமும் படுத்தியிருக்கு!"

சிரித்து முடித்தபின் மெதுவாகக் கேட்டார். "இதே பொத்தான எத்தன பேர் அமத்திட்டுப் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்திருப்பாங்க?"

இரேஷா அன்றைக்கே சம்மதம் எழுதி அனுப்பினார். மிஞ்சியது பேராசிரியரின் கையெழுத்து. அவர் ஓய்வுபெற்று, கண்டி நகருக்கு மேலே ஒரு நல்ல வீட்டில் இருந்தார். ஸ்டெல்லாவுடன் நானும் போனேன். மரியாதையாக உபசரித்தார். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. அந்த ஆய்வை வைத்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது சஞ்சிகையில் வந்தபின் திறக்கலாம் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார்.

"எத்தன வருஷமா சேர் எழுதுறீங்க?" என்று ஸ்டெல்லா தமிழிலேயே கேட்டார்.

தரமான வேலைக்குக் காலம் வேண்டும் என்றார் பேராசிரியர். மேலும், வரைபடங்களைப் படிக்கத் தெரியாத சனங்கள் அதைப் பார்த்தால் வீணாகப் பீதியடைவார்கள் என்றார்.

"அடையட்டும் சேர். உசுரோட இருந்து அடையட்டும்."

பேராசிரியர் கோப்பையைக் கீழே வைத்தார். அத்துடன் சந்திப்பு முடிந்தது. இறக்கத்தில் முச்சக்கரவண்டி கிடைக்காமல் நடந்தோம். வெகுதூரம் வந்தபின் ஸ்டெல்லா, "பிஸ்கட் மட்டும் நல்லா இருந்துச்சு" என்றார்.

அதன்பிறகு அவர் விதியையே மாற்றக் கேட்டார். எழுதியவர் சம்மதித்தால் வழிகாட்டியவரின் கையெழுத்துத் தேவையில்லை. ஐந்து வருடம் கடந்த பூட்டு தானாகத் திறக்க வேண்டும். இரண்டே வரிகள். பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் சபையான மூதவை இதை ஆராய ஓர் உபகுழுவை நியமித்தது. குழு கூடியது, ஒத்திவைத்தது. மறுபடி கூடியது, ஒத்திவைத்தது. ஆபத்தை ஆராய வந்த அரசாங்க அதிகாரிகளும் முந்திய ஆய்வு இருந்தால் அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதம் அதே உபகுழுவுக்கு அனுப்பப்பட்டது. மேல் லயம் "பரிசீலனையில்" என்று அந்த அதிகாரிகளின் பட்டியலொன்றில் ஏறியது. இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் ஸ்டெல்லாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது.

கடைசியாக அவரை வார்டில் பார்த்தது அவர் இறப்பதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்பு. உடல் பாதியாகியிருந்தது. அருள் கொண்டுவந்த சூப்பைத் தொடவில்லை.

"கூட்டம் நடந்துச்சா நானா?"

பொய் சொல்ல யோசித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "ஒத்தி வெச்சிட்டாங்க."

"எனக்கு ஒத்தி வைக்க ஏலாது" என்றார். பிறகு என்னை ஆறுதல்படுத்துவதுபோல, "பரவாயில்ல. தீர்மானம் வந்தா கதவத் தொறக்கிறதுக்கு நான் வேணும்னு இல்ல. யாரும் அமத்தலாம்" என்றார்.

மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்தோம். நூலகத்தின் சார்பில் பேசியவர் அவருடைய விடாமுயற்சியைப் புகழ்ந்தார். எதற்காக விடாமல் முயன்றார் என்பதைச் சொல்லவில்லை. பேராசிரியர் வரவில்லை, பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதில் செருகியிருந்த அட்டையை முனியாண்டி குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர் எதைப் பார்க்கிறார் என்று அருகில் போனேன்.

"கையெழுத்துப் போட வருதே இவருக்கு" என்றார்.

அவரைத் தெரிந்த உங்களிடம் ஸ்டெல்லாவைப் பற்றி வேறு நினைவுகள் இருக்கும். பாட்டுக் குழுவில் பாடினார் என்கிறார்கள், நான் கேட்டதில்லை. என்னிடம் இருப்பது அவரோடு முடியாமல் நிற்கும் ஒரு சண்டை. அந்தப் பக்கத்தை அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும் என்று நான் இன்றும் நினைக்கிறேன். முறைப்படி திறந்தால்தான் அது அந்தச் சனங்களுக்குப் பயன்படும் என்று அவர் கடைசிவரை நம்பினார். வாதத்தில் என்னை வென்றவர்கள் பலரை மறந்துவிட்டேன். இவரை அப்படி விட முடியாது. எங்களில் யார் சரி என்பது இன்னும் தெரியவில்லை. நான் தோற்க விரும்பும் ஒரே சண்டை இது.

உபகுழு அடுத்த மாதம் மூன்றாம் வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடும் என்று பல்கலைக்கழகப் பதிவாளரின் காரியாலயம் நேற்று என்னிடம் உறுதிப்படுத்தியது. நிகழ்ச்சி நிரலில் ஸ்டெல்லாவின் இரண்டு வரிகள் ஏழாவது விடயம். கடந்த இரண்டு கூட்டங்களும் ஐந்தாவது விடயத்தோடு நேரம் போதாமல் முடிந்தன. மேல் லயத்தில் பதினொரு குடும்பங்கள் இருக்கின்றன. மழை அந்த வியாழனுக்கு முன்பு பிடிக்குமா, பின்பு பிடிக்குமா என்பதை உறுதிப்படுத்தித் தர எனக்கு ஆள் இல்லை.